சுப்ரியாவுக்குப் பதில் சைதன்யதா

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன டிசம்பரில் என் மனைவி காமு எங்கள் ஒரே பெண்ணைப் பக்கத்து டவருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு முழங்கால் வீங்கிய நாற்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவரை வாங்கி வந்தாள். இதைக்கூட எழுதவில்லை என்றால் நானெல்லாம் கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

(இப்படித் தொடங்கினால் படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்கிறாள் காமு. பயப்பட வேண்டாம். கிரிக்கெட்தான்.)

எழுதி அடித்த தொடக்கங்கள் இரண்டு:

“நியூ டவுனின் வானத்தில் விமானங்கள்...” வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

“காமு எதற்கும் அசையாதவள், அவளுடைய...” பொய். தேங்காய் விலைக்கே அசைவாள்.

2

எங்கள் நியூ டவுன் அடுக்குமாடி வளாகத்தில் நான்கு டவர்கள். குளிர்காலம் வந்தால் டென்னிஸ் பந்தில் லீக் போட்டி. அணிக்கு எட்டுப் பேர், அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். டிசம்பரில் ஏலம். ஒவ்வொரு டவருக்கும் செலவழிக்க நூறு பாயிண்ட். ஒருவரை நாற்பதுக்கு எடுத்தால், ஆடினாலும் ஆடாவிட்டாலும், மூன்று வருஷம் அந்த நாற்பதை அவர் விழுங்கிக்கொண்டே இருப்பார். ஏலம் முடிந்து ஒரு வாரத்துக்கு, டவர்கள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். என்னை இதுவரை எந்த டவரும் எடுத்ததில்லை. அதனால் நான் நடுவர்.

காமு சால்ட் லேக்கில் வங்கி அதிகாரி. ஆறு வருஷமாக எங்கள் C டவர் அணிக்கு மேனேஜர். சின்னவர்களைக் குறைந்த பாயிண்டில் எடுத்து வளர்த்துவிட்டால் எதிர்காலம் நம் கையில் என்பது அவள் கொள்கை. வளர்க்கத்தான் வளர்த்தாள். முதலில் இறங்கி ஆடும் பையன் புனேவுக்குப் போனான். விக்கெட் கீப்பர் ஹைதராபாத்துக்கு. இடது கைச் சுழல்பந்துக்காரி பெங்களூருக்கு. எங்கள் எதிர்காலம் முழுக்க டம்டம் விமான நிலையம் வழியாக வெளியேறியது. பன்னிரண்டு வருஷமாகக் கோப்பை எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த எதிர்காலம் சுப்ரியா. பதினேழு வயது, லெக் ஸ்பின், விலை ஐந்தே பாயிண்ட். ஜூலையில் அவளும் பெங்களூருக்குக் கல்லூரிக்குப் போகிறாள்.

“இனிமே யாரையும் வளர்க்கறதா இல்லை” என்றாள் காமு, தோசையைத் திருப்பிக்கொண்டே. “எனக்கு இந்த வருஷமே கோப்பை வேணும். அம்பத்தொண்ணு ஆறது. இன்னும் எத்தனை வருஷம்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிண்டிருக்கறது?”

3

சைதன்யதா (‘தா’ என்றால் அண்ணா) A டவர்க்காரர். ஒரு காலத்தில் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் ஆடியவர். அடித்தால் பந்து நீச்சல் குளத்தில்தான் விழும். ஆனால் நாற்பத்தைந்து பாயிண்ட், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, வலது முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு. A டவர் மேனேஜர் மஹிமா சென் அவரை எப்படியாவது தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹிமாவுக்கு செக்டார் ஃபைவ் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதுமே வேலை.

“காமு பௌதி, சைதன்யதாவை அப்படியே எடுத்துக்கோங்க, அவரோட பாயிண்ட் எல்லாத்தையும் சேர்த்து. எனக்கு சுப்ரியா போதும்” என்றார். (பேச்சு நடந்தது வங்காள மொழியில்; பௌதி என்றால் அண்ணி. தமிழில் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.)

[இந்த இடத்தில் சைதன்யதா மேல் எனக்கே சந்தேகம். சிக்ஸர் அடிக்கிறவர், முழங்கால் சரியில்லாதவர் என்றவுடனே, இறுதி ஆட்டத்தில் அந்தக் கால் காலை வாரிவிடும் என்று எந்த வாசகருக்கும் தெரிந்துவிடும். வாரத்தான் போகிறது. நான் என்ன செய்ய? மனிதர் அப்படித்தான் இருக்கிறார்.]

வீட்டுக்கு வந்த காமு, பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று பால்கனியில் நின்று ஒத்திகை பார்த்தாள். அழுதால் துடைக்கத் துண்டுகூட எடுத்து வைத்துக்கொண்டாள்.

சுப்ரியா கேட்டுவிட்டு, “ஒருத்தருக்கு ஒருத்தரா? கூட ஒண்ணும் இல்லையா?” என்றாள்.

“கூடன்னா?”

“அம்மா, நீ நிஜமாவே பேங்க்லதான் வேலை பாக்கறியா? சைதன்யதாவோட அந்தப் பாயிண்ட் மூட்டையையும் நீயே தூக்கிக்கறே. அவாளோட சண்டே நெட்ஸ் பிராக்டிஸ் டைமையும் சேர்த்துக் கேளு. நான் அவ்வளவு சீப் இல்லை.”

காமு போன் போட்டுக் கேட்டாள். மஹிமா ஐந்து நிமிஷம் பிகு பண்ணிவிட்டுக் கொடுத்துவிட்டார். பெண் அழவில்லை என்பதில் காமுவுக்குக் கொஞ்சம் வருத்தம். அதைவிடப் பெரிதாகப் பெருமை.

“எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு” என்றாள் சுப்ரியா. “என் விரல் விஷயத்தை உன் டீம்ல யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. பிராமிஸ் பண்ணு.”

காமு சத்தியம் செய்தாள்.

விரல் விஷயம் இதுதான். ஏழாம் மாடி நடையில், லிஃப்டுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே, ஆறு வருஷமாகப் பெண் பந்து போட, சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு அம்மா பிடித்திருக்கிறாள். சுப்ரியாவின் பந்து வழக்கமாக ஆடுகிறவரை விட்டு வெளியே திரும்பும். எப்போதாவது ஏமாற்றி உள்ளே திரும்பும், அதுதான் கூக்ளி. கூக்ளி போடும் முன் அவளுடைய மோதிர விரல் ஓர் அரிசி அளவு உயரும். எவ்வளவோ முயன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டு மூன்று பேரைத் தவிர உலகத்தில் அது யாருக்கும் தெரியாது.*

* காமுவின் குறிப்பு: “இப்போ படிக்கறவா எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. ரொம்ப நன்னாருக்கு.”

4

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பத்திரிகை எனக்குக் கொடுத்திருப்பது ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். அதுதான் என் நூறு பாயிண்ட். இந்த இடத்தில், காளிகாட் சந்து ஒன்றில் கழிந்த என் இளமையைப் பற்றி முந்நூறு சொல்லில் ஒரு பத்தி வைத்திருந்தேன். நல்ல பத்தி. வளர்த்தால் நாவலாகும் என்று எனக்கு நானே பல வருஷமாகச் சொல்லிவருகிற பத்தி. மனைவியைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டு அதைக் கொடுத்துவிட்டேன். பதிலுக்குக் கடைசி ஓவர் கிடைத்தது.

5

இறுதி ஆட்டம் A டவருக்கும் C டவருக்கும்தான். வேறு யாருக்கு இருக்க முடியும்? நடுவரின் மனைவி ஓர் அணியில், மகள் இன்னொன்றில் என்பதால், நான் நடுநிலையானவன் என்று இரண்டு அணிகளும் ஒப்புக்கொண்டன.

எட்டு ஓவரில் எங்களுக்கு எழுபத்திரண்டு ரன் தேவை. சைதன்யதா அடித்தார். இரண்டு பந்துகள் குளத்தில், ஒன்று இரண்டாம் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்டில். நாற்பத்தொன்று எடுத்தபோது, ஓடித் திரும்புகையில் அந்தக் கால் மடங்கியது. பிறகு அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு எதிர்முனையில் நின்றார். அவ்வளவுதான்.

மறுபக்கம் சுப்ரியா ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினாள். வந்தவர்கள் எல்லாம் காமுவிடம் முறையிட்டார்கள். “பௌதி, எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியலை! உங்க பொண்ணுதானே, ஏதாவது சொல்லுங்களேன்!” காமு துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.* ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை. ஆனால் சத்தியம் செய்தாயிற்று. பன்னிரண்டு வருஷத்துக் கோப்பை கண்ணெதிரே நழுவுவதைப் பார்த்துக்கொண்டு அவள் வாயைத் திறக்கவே இல்லை. அன்று என் மனைவியைப் பார்த்து எனக்கு வந்த மரியாதை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

* “துப்பட்டா இல்லை. டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போட்டுண்டிருந்தேன். கடிச்சது நகம்.”

கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் சுப்ரியாவுக்கு நான்காவது விக்கெட். இன்னும் ஒரு பந்து, மூன்று ரன். சைதன்யதா ஓட முடியாது, ஆகவே நான்கே அடித்தாக வேண்டும். ஆட இறங்க மிச்சமிருந்தது ஒரே ஒருத்தி. அந்த சீசன் முழுக்கத் தன் பெயரைக் கடைசியில் எழுதி, ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத மேனேஜர்.

காமு நடந்து வந்தாள். சத்தியம் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதற்குத்தான், பார்க்க மாட்டேன் என்பதற்கு இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். சுப்ரியா என்னைக் கடந்து போகும்போது சிரித்துக்கொண்டே, “அப்பா, நோ பால் கீ பால்னு சொல்லிக் காப்பாத்திடாதே” என்றாள்.

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. சத்தம் அடங்கும்வரை சுப்ரியா பந்தோடு காத்து நின்றாள். காமு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். நானும் விரலைப் பார்த்தேன்.

பந்து வந்தது. காமு ஒரு காலை மடக்கி, நடையில் வழி தவறிய பந்தைத் துடைப்பத்தால் தள்ளுவது போலத் தள்ளினாள். பந்து ஆட்களுக்கு நடுவே புகுந்து எல்லைக் கோட்டுச் செவ்வந்தித் தொட்டியில் மோதியது.

நான்கு.

முதலில் ஓடிப்போய் காமுவைத் தூக்கியவள் சுப்ரியா. இரண்டு பேரும் கத்தினார்கள், குதித்தார்கள். “ஏய் சுப்ரியா, நீ எந்த டவர்?” என்று மஹிமா அலறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவர் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

6

முடிவுகள் கைவசம் மூன்று.

அ) சுப்ரியா தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கூக்ளியைப் போட்டாள். அம்மா விரலைப் படித்து அடித்தாள். (காமுவுக்குப் பிடித்த முடிவு.)

ஆ) ஊரை விட்டுப் போகப்போகிற பெண், அம்மாவுக்காக ஒரு நேர்ப் பந்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். (படிக்கிறவர்கள் பலருக்குப் பிடிக்கும். காமுவிடம் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாளைக்குச் சோறு கிடைக்காது.)

இ) வியர்வை. பந்து வழுக்கிவிட்டது.

கோப்பை இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சைதன்யதாவின் நாற்பத்தைந்தும் பட்டியலில் இருக்கிறது. அடுத்த வருஷம் C டவர் மண்ணைக் கவ்வும். சுப்ரியா பெங்களூரில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசுகிறாள். சாப்பாடு, மழை, பரீட்சை எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு காமு கேட்பாள், “சரி, நிஜத்தைச் சொல்லு. அன்னிக்கு என்ன போட்டே?”

“நீதானே விரலைப் பாத்தே? நீயே சொல்லேன்.”

“நான் பாத்தது சரியான்னு நீ சொல்லு.”

அப்படியே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். நடுவில் சிரிப்பு, சண்டை, பழைய ஆட்டங்கள், நடையில் உடைந்த டியூப் லைட். காமு பேசி முடித்துத் திரும்பும்போது அவள் முகத்தில் கோப்பை வாங்கிய அன்றைய களை இருக்கும்.

நான் அந்த விரலிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் நின்றிருந்தேன். எனக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. உயர்ந்ததா இல்லையா என்று மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு வரி எழுதினால் கதை முடிந்துவிடும், ஏழு மணிக்கு அவர்கள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் சுப்ரியாவின் மோதிர விரல் அன்று...

மணி ஏழு. போன் அடிக்கிறது. காமு அடுப்பைத் தணித்துவிட்டு வருகிறாள். பந்து இனி உங்கள் கையில். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் C டவர் ஏழாம் மாடியிலிருந்து யாராவது கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.