ஆற்றங்கரையில் விட்டுப்போன நிழல்

அடையாற்றங்கரையில் தேவானையின் வீட்டை இடித்தவர்கள் சுவர், கூரை, கதவு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தரையில் ஆடிக்கொண்டிருந்த நிழலை மட்டும் அவர்களால் அள்ள முடியவில்லை. இயந்திரம் மண்ணைப் புரட்டிப் போட்டது. புரட்டிய மண்ணின்மேல் நிழல் ஏறி, விட்ட இடத்திலிருந்து ஆடியது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பிடப் போய்விட்டார். தேவானையையும் மகள் நிலாவையும் அதற்கு முன்பே வண்டியேற்றி அனுப்பியிருந்ததால் அவர்களுக்கு இது தெரியாது.

அது நிலாவின் நிழல். அரையாண்டு லீவு விட்டால் கோபாலபுரத்திலிருந்து நிஷா மிஸ் வந்து, அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமலே பாலே நடனம் சொல்லிக்கொடுப்பார். மற்ற பிள்ளைகள் பொங்கலுக்குள் மறந்துவிடுவார்கள். நிலா வருஷம் முழுக்க வீட்டில் ஆடினாள். பாலே பழகப் பிடித்துக்கொண்டு நிற்கக் கம்பி வேண்டும்; அங்கே கம்பி ஏது? அவள் அப்பா தணிகாசலம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து முக்காலியில் உட்காருவான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கால்விரல் நுனியில் எழும்புவாள். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரியும், எதிர்வீட்டிலிருந்து கேக் வரும், தணிகாசலம் தோளை அசைக்காமல் வாயை மட்டும் திறந்து ஊட்டச் சொல்வான். அந்த வருஷங்களில்தான் தேவானை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவன் மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். அடுத்த டிசம்பரில், பரீட்சை முடிவதற்குள், வீடும் போனது.

ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் இடம் கொடுத்தார்கள். அங்கே கொளுத்தும் வெயிலில் நின்றாலும் நிலாவுக்கு நிழல் விழவில்லை. கோபாலபுரத்தில் நிஷா மிஸ்ஸின் வகுப்புக்குப் போக பஸ் மாறி மாறி ஏற வேண்டும்; போய்ச் சேர்வதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அவள் ஆடுவதை விட்டாள்.

ஆற்றங்கரை பூங்காவானது. நிழலைச் சுற்றிப் புல் வளர்த்து, பெஞ்சு போட்டார்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அடுத்த கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு விழாக் கமிட்டி அதற்கு விளக்கலங்காரம் செய்தது. தேவானை அடையாறில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா போனில் அந்தப் படத்தைக் காட்டினார். கையைக்கூடக் கழுவவில்லை. லீவென்று கூட வந்திருந்த நிலாவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே போனபிறகுதான் பார்த்தாள்: நிழலின் ஒரு கை இன்னொரு நிழலின் தோளில் இருந்தது. முக்காலியில் தணிகாசலம். படமெடுத்தவர்கள் எல்லோரும் அவனை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

கமிட்டிக்காரர் விஜயராகவன் நிழலில்லாத நிலாவைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க பொண்ணோடதாம்மா? எவ்ளோ அழகு! நாங்க நல்லா பாத்துக்கறோம்."

"இன்னாத்த பாத்துக்கினே?" தேவானையின் குரல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டது. "நெயலுக்குப் புல்லு போட்டு வெச்சிக்கீற. எம் பொண்ணு நிக்க எடமில்லன்னு தொரத்தி உட்டீங்களே, அப்போ அவ அழகா இல்லியா? எம் புருசன் குந்திகினு கீறான், அவன வெட்டிட்டுக் காட்றீங்களா?"

"இது இப்ப பொதுச்சொத்தும்மா..."

"யார் ஊட்டு சொத்துடா!"

விளக்கை எட்டி உதைத்தாள். மண்டியிட்டு, நிழலின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கல்லில் ஒட்டிய ஈரப்புடவையை உரிப்பதுபோல் உரித்தாள். வந்தது. மறுமுனையை நிலா பிடித்தாள். தடுக்க வேண்டிய காவலாளி கணேசமூர்த்தி கேட்டை அகலத் திறந்துவிட்டார். மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

"பையில இன்னாக்கா?" என்றார் கண்டக்டர்.

"எம் புருசனும் பொண்ணும்."

அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நாலாவது மாடியில் விரித்தபோது நிழல் நிலாவின் காலடியில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தணிகாசலத்தின் நிழல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலமே நிலா ஆடினாள். தேவானையின் கோபம் ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை. கீழ்வீட்டு அன்வரி பேகம் மேலே ஏறி வந்து, வாசலில் நின்று மூன்று பேரையும் பார்த்தாள்.

"ஆடட்டும்மா, நல்லாத்தான் கீது. எங்கூட்டு கொயந்த தூங்கறப்போ மட்டும் சத்தம் கம்மியா இருந்தா போதும்."

நியாயமான பேச்சு. தேவானை பழைய போர்வை ஒன்றை மடித்துத் தரையில் விரித்தாள்.