உள்பக்கம் திரும்பிய இலக்கம்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கண்டியில் வெளிவரும் சிறு சஞ்சிகை ஒன்று வீதிப் பாதுகாப்புச் சிறப்பிதழுக்காக, 'டயர்களின் வரலாறும் பராமரிப்பும்' என்று இரண்டு பக்கம் கேட்டது. நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை என்பதால் என்னிடம் கேட்டார்கள். கதைகளும் எழுதுவேன் என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. இருந்திருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள்.

தகவலுக்காகக் கலகெதரையில் ஒரு டயர் கடைக்குப் போனேன். சித்தி றலியாவும் அவருடைய கணவர் முஹைதீனும் நடத்தும் கடை. வாங்குவது, விற்பது, வாடிக்கையாளரோடு பேசுவது எல்லாம் றலியா. கழற்றுவதும் பூட்டுவதும் முஹைதீன். "டயருக்கு வயசு பார்க்கிறது எப்படி?" என்று கேட்டேன். றலியா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க டீச்சர், இது கொஞ்சம் நீளம்" என்றார்.

அன்று கேட்டதை நான்கு தடவை எழுதிவிட்டேன். இது நான்காவது.

2

முதல் தடவை இப்படித் தொடங்கினேன்:

'1888ஆம் ஆண்டு, பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஒருவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த றப்பர் குழாயைச் சுற்றி' —

[விட்டுவிட்டேன். நாற்பது வருடங்களுக்கு முன்பே ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். உலகம் மறந்துவிட்டது. யாரை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.]

'1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு றப்பர் கன்றுகள் லண்டன் வழியாகக் கப்பலில் வந்து, ஹெனரத்கொடை மண்ணில்' —

[இதுவும் நல்ல வாக்கியம்தான். ஆனால் இதற்குள் ஆட்களே இல்லை.]

கட்டுரையில் மிஞ்சியவை மூன்று செய்திகள். ஒன்று, ஆரம்பத்தில் டயர் கறுப்பே இல்லை, வெளிறிய நிறம். பிறகுதான் கரியைக் கலந்தார்கள். டயர் கறுத்தது, பல மடங்கு உழைத்தது. இரண்டு, ஒரு கார் டயர் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. குடும்பமே நாலு உள்ளங்கைகளின் மேல்தான் போய்வருகிறது. மூன்று, டயர் ஓடினால் மட்டும் தேயும் பொருள் அல்ல. சும்மா கிடந்தாலும் காற்றும் வெயிலும் பட்டு றப்பர் இறுகும், உள்ளே வெடிப்பு விழும். ஆனால் வீதியைத் தொடும் மேல்பக்கத்துக் கட்டைகள் ஆழமாகப் புதிது போலவே இருக்கும். அதனால்தான் அது பிறந்த கிழமையையும் வருடத்தையும் பக்கச்சுவரில் நாலு இலக்கமாகப் பதிக்கிறார்கள். 3113 என்றால் 2013ஆம் ஆண்டின் முப்பத்தோராவது கிழமை. பல டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்.

(கட்டுரை வாசிக்க வந்தவர்கள் காற்றைக் கிழமைக்கு ஒரு தடவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கும்படி கேட்டுக்கொண்டு இங்கேயே விடைபெறலாம்.)

3

மூன்றாவது பிரதியிலிருந்து ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

'2022ஆம் ஆண்டு. டயர் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். குருநாகலில் ஒரு வியாபாரியிடம் ஐந்து டயர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு றலியா வாங்கிவந்தார். ஓடாத டயர்கள். ஒன்றைத் தங்கள் வேனுக்குப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் ஹந்தானையிலிருந்து கஜலட்சுமி வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைக் கண்டிப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. தேய்ந்த டயரோடு பிள்ளைகளை ஏற்றப் பயந்து இரண்டு கிழமையாக வேனை நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். "புதுசுதானேங்க?" என்று கேட்டார். நாலு இலக்கத்தை வாசிக்கத் தெரியாத றலியா, "புதுசுதான்" என்று நம்பிக்கையோடு சொன்னார். முஹைதீன் மீதி நாலையும் பூட்டிக் கொடுத்தார்.'

[இதை வாசித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.]

4

2024 ஓகஸ்டில் கடுகண்ணாவை ஏற்றத்தில் றலியா வீட்டு வேனின் பின் டயர் வெடித்தது. குருநாகல் டயர். மேல்தோல் முழுவதும் உரிந்து வீதியில் போய் விழுந்ததாக முஹைதீன் சொன்னார். பள்ளத்தின் பக்கம் இழுத்த வேனை அவர் எதிர்ப்பக்கப் பாறையில் மோதி நிறுத்தினார். ஒன்பது வயது மகள் அஸீமாவின் கை இரண்டு இடத்தில் முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கட்டுப்போட்டு முடிந்தது. வெளியே வந்ததும் றலியா சொன்ன முதல் பேச்சு: "மத்த நாலும் பள்ளிக்கூட வேன்ல ஈக்குது."

"ரெண்டு வருசம் ஓடிட்டு. ஒண்டும் ஆகல்ல தானே" என்றார் முஹைதீன். "நீ போய்ச் சொன்னா நாளைக்குக் கடைக்கு யாரு வருவான்?"

"யாரும் வரவாணாம்."

அடுத்த நாள் காலையில் கடையிலிருந்த புதிய டயர்களில் நாலை முஹைதீன் றிம்மில் பூட்டிக் காற்றடித்து, முச்சக்கர வண்டியின் பின்சீற்றில் அடுக்கினார். ஜாக்கையும் எடுத்து வைத்தார். றலியா அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

5

அந்த மூன்றாவது பிரதியை றலியாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வீடு தேடி வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நல்லாத்தான் எழுதி ஈக்கிறீங்க டீச்சர். ஆனா அது நான் இல்ல."

"ஏன், எந்த இடம் பிழை?"

"அந்த நாலு இலக்கத்த எனக்கு வாசிக்கத் தெரியும். பதினாலு வருசம் கடையில ஈக்கிறன். குருநாகல்லயே பார்த்தன், ஒன்பது வருசப் பழசு. எங்கட வேனுக்கே போடலாமெண்டா மத்தவங்களுக்கும் பரவாயில்லண்டு நெனச்சன்."

நான் பேனையை எடுத்தேன்.

"இன்னொண்டு ஈக்குது. அவங்க வேனுக்குப் பூட்டுறப்போ இவர்ட சொன்னன், இலக்கம் உள்பக்கம் வரட்டுமெண்டு."

"றலியா, இதை எழுதத்தான் வேணுமோ? நான் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

"கஜலட்சுமிக்குத் தெரியும்" என்றார்.

[நான் ஏன் அவரைக் காப்பாற்றினேன்? அன்பினால் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், அறியாமல் பிழை செய்த ஒருத்தியை எழுதுவது எனக்கு இலகுவாக இருந்திருக்கிறது. இறுக்கமான காலத்தில், எதிரே ஒருத்தி கெஞ்சி நிற்கும்போது, நல்லதையும் கெட்டதையும் ஒரே கையால் செய்த பெண்ணை எழுதத்தான் பயந்திருக்கிறேன்.]

மூன்றாம் பகுதியைக் கிழிக்கவில்லை. மேலே அப்படியே கிடக்கிறது. அது என்னுடைய பொய், றலியாவுடையது அல்ல.

6

ஹந்தானையில் நடந்ததைக் கஜலட்சுமியிடமும் நேரில் கேட்டுத்தான் எழுதுகிறேன். இருவரும் சொன்னது ஒன்றுதான்.

மதியம். பிள்ளைகளை ஏற்றப் போக இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே வேன் நின்றது. கஜலட்சுமி, "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். றலியா நின்றபடியே சொன்னார். டயர் பழசு, எங்கட வேன்ல ஒண்டு வெடிச்சுட்டு, மகளுக்குக் கை முறிஞ்சிட்டு, மாத்தித் தர வந்திருக்கிறம்.

"பழசுன்னு எப்படிங்க தெரியும்?"

"இலக்கம் ஈக்குது."

"எங்க? நான் தெனமும் கழுவுறேனே, பார்த்ததில்லையே."

"உள்பக்கம்."

கஜலட்சுமி தரையில் படுத்து, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். பிறகு மூன்றாவதற்கு. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார்.

"மூணுலயும் உள்பக்கந்தான் இருக்கு."

றலியா தலையாட்டினார்.

"பன்னெண்டு புள்ளைங்கங்க. இந்த இறக்கத்துல தெனமும் ரெண்டு வாட்டி." குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு நீங்க பழசுன்னு சொல்லியிருந்தாலும் நான் வாங்கிருப்பேன். வேற வழி எனக்கு இல்ல. ஆனா மெதுவா ஓட்டிருப்பேன். ஓட்டுறவளுக்குத் தெரியணுமில்லீங்களா?"

முஹைதீன் ஜாக்கைப் போட்டு மூன்று சக்கரங்களை மாற்றினார். கஜலட்சுமி ஒவ்வொரு நட்டையும் தானே ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

"நாலாவது எங்க?" என்று றலியா கேட்டார்.

"போன வருசம் புதுசு ஒண்ணு கெடைச்சு மாத்துனேன். கழட்டுனது சும்மாதான் கெடந்துச்சு. மரக்கறி ஏத்துற ஒரு அண்ணன் கேட்டாரு, நல்ல கட்டையா இருக்கேன்னு. குடுத்துட்டேன். பேரு கேக்கல. நீல வேன். பின்கதவுல மயில் வரைஞ்சிருக்கும்."

அப்போதுதான் கஜலட்சுமி முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பழசைக் கொடுத்த கை இப்போது இரண்டாகிவிட்டது.

7

முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: ஒரு வெள்ளிக்கிழமை, கலகெதரைக் கடையின் முன்னால் நீல வேன் ஒன்று காற்றடிக்க வந்து நிற்கிறது. பின்கதவில் மயில். றலியா எழுந்து —

[வரவில்லை. இத்தனை மாதமாக வரவில்லை. வந்ததாக எழுதினால் றலியா மறுபடி வீடு தேடி வருவார்.]

இரண்டாவது: பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் ஒரு சிறிய செய்தி. கடுகண்ணாவையில் மரக்கறி ஏற்றிவந்த —

[இதை எழுத எனக்கு உரிமை இல்லை.]

உண்மையில் நடப்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் றலியா கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை என்று ஒவ்வொரு சந்தையாகப் போய் மரக்கறி வேன்களின் பின்கதவுகளைப் பார்க்கிறார். இரண்டு தடவை கஜலட்சுமியும் போயிருக்கிறார். வழியில் அதிகம் பேசிக்கொள்வதில்லையாம். கடைக்கு வருபவர்கள் குறைந்துதான் போனார்கள். வருகிறவர்களுக்கு, பூட்டுவதற்கு முன் இலக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொல்கிறார். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "மாத்தினா அந்த மரக்கறி வேன் மனுசனுக்குக் கடை எதுண்டு எப்படித் தெரியும்?" என்றார். கதையாக வெளியிட அவர் சம்மதித்ததே அதற்காகத்தான். சஞ்சிகை ஆசிரியர், "இது கதையா, விளம்பரமா டீச்சர்?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

ஆகவே இதை நான் முடிக்கவில்லை. நீங்கள் மாவனல்லையிலோ நாவலப்பிட்டியிலோ இருக்கலாம். அந்த வேன் உங்களுக்கு முன்னால் போகலாம். அப்படியானால் மறித்து நிறுத்துங்கள். அவர் அவசரத்தில் இருப்பார், மரக்கறி வாடும். முன்பின் தெரியாத ஒருவர் தன் சக்கரத்தைப் பற்றிப் பேசுவதை அவர் விரும்பமாட்டார். அவரிடம் முதலில் என்ன சொல்வது என்று ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன், ஐந்தையும் வெட்டிவிட்டேன். வேன் கண்ணாடியை அவர் இறக்கும்போது சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.