முதற்குரல் கோத்தகிரியில்

புதுப் போதகர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்று அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

“டீச்சர், இந்தச் சங்கீதப் பாட்டு என்னங்க, ஏறாம எறங்காம ஒரே எடத்துல நிக்குது? பெரிய வெள்ளிக்கு வேற பாட்டு வைப்போம்.”

“கல்யாண மார்ச் போட்டாரே மெண்டல்சன், அவரு மெட்டுங்க இது!” என்று பாய்ந்தேன். கல்யாணமென்றால் அவரை ஊரே அறியும். கோயிலுக்கென்று வேதாகமச் சங்கீதத்துக்கு அவர் போட்ட மெட்டை மாத்தளையில் எங்கள் பாடகர் குழுவை விட்டால் பாட ஆளில்லை. அதையும் நிறுத்துவதா?

வீட்டுக்கு வந்து தனியாகப் பாடிப் பார்த்தேன். போதகர் சொன்னது சரிதான். அப்போதுதான் உறைத்தது: நாங்கள் இத்தனை நாளும் பாடியது அந்தப் பாட்டின் இரண்டாம் குரலை, மெட்டுக்கு அடியில் துணையாக வரும் கீழ்க்குரலை மட்டும். இலங்கையிலிருந்து எங்கள் ஆட்களை ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பிய எழுபத்து நாலில், மெட்டைப் பாடும் முதற்குரல்காரிகள் எல்லாரும், என் தங்கை சந்திரகாந்தா உட்பட, கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள். பாட்டுத் தாள்களும் அவள் பெட்டியோடு போயின. கல்யாணமாகி இங்கேயே தங்கிய நான் இரண்டாம் குரல்காரி. எனக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இருபத்தொன்பது வருடத்தில் அதுவே மெட்டாகிவிட்டது. அட பைத்தியமே, நானுமல்லவா மறந்துபோனேன்!

மறுநாள் அலுவிகாரையில் சாலிஹ் நானாவின் கொமியுனிகேஷனுக்கு, வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசும் கடைக்குத் தாளும் பென்சிலுமாகப் போனேன். முதற்குரலை டோ-ரே-மீயில் எழுதி எடுத்துவிட்டால் பெரிய வெள்ளிக்குள் பிள்ளைகளைப் பழக்கிவிடலாம். நானா கோத்தகிரியில் இருக்கும் தங்கைக்கு லைன் எடுத்துக் கொடுத்தார்.

“ஏடி, அந்தச் சங்கீதத் தாளு இருக்கா?”

“அத கரையான் தின்னு எத்தனையோ வருஷமாச்சுக்கா. பாட்டு இருக்கு. இங்க கோயில்ல ஒத்தையாத்தான் பாடுறேன். கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கும்.”

“பாடு, எழுதிக்கிறேன்.”

பாடினாள். இரண்டாம் வரியில் மேலே ஏறினாள் பாருங்கள்! என்னையறியாமல் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! கடைசி வரிவரை சேர்ந்து பாடினோம். பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன், லைன் அறுந்தது.

“எழுதிக்கிட்டீங்களா டீச்சர்?” என்றார் நானா.

தாளைப் பார்த்தேன். ஒரு ஸ்வரம்கூட இல்லை.

“இல்ல நானா, மறுபடி எடுங்க. இந்தத் தடவ நான் வாயே தொறக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கையில்லை.