பத்தொன்பது பாட்டன்மார்

"ராஜா வீட்டுப் பிள்ளை இப்படி பஸ்ஸுக்குக் காத்து நிக்கலாமா?" குமுளியில் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு நல்லமுத்து கேட்டான்.

"கேலி போதும். அண்ணன்கிட்ட வந்து பேசுங்க."

"வந்தேனே! டிரைவருக்கு எங்க வம்சத்துல பொண்ணு குடுக்கிறதில்லைன்னு டீயைக் குடுத்து அனுப்பிட்டாரு. இனி நீ வாயைத் திறந்து கேட்டாத்தான் உண்டு."

"கேக்குறேன்" என்றாள் குருவம்மாள்.

அது போன தை மாதம். அடுத்த தையும் வந்துவிட்டது, அவள் கேட்டபாடில்லை. எட்டு வயதில் அப்பாவை இழந்தவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி, டீச்சராக்கியவன் அண்ணன் மொக்கையன். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பீர்மேட்டில் மொக்கையன் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரிக்கு விடுமுறை. பழைய ராஜா ஒருவரிலிருந்து தொடங்கி அவன் சேர்த்துவைத்த வம்ச வரலாறு கம்பத்து அச்சகத்துக்குப் போக வேண்டும். மொக்கையன் சொல்லச் சொல்ல அவள் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ராஜாவோட மகன் வீரபாண்டி. அவரு மகன் மொக்கையன். அவரு மகன் வீரபாண்டி..."

எழுதிய கை நின்றது. "அண்ணே, நமக்குத் தெரிஞ்சது அஞ்சு தலைமுறைதானே? ராஜா அறுநூறு வருஷத்துக்கு முந்தினவரு. நடுவுல இந்தப் பத்தொன்பது பேரை யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? தாத்தா பேரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம்? வீரபாண்டி, மொக்கையன், வீரபாண்டின்னு மேலே ஏறிப் போனா ராஜாகிட்டதான் போய் நிக்கும். அவருக்கும் வீரபாண்டின்னு ஒரு மகன் இருந்திருக்கான். வேற என்ன வேணும்?"

"பீர்மேட்டுல மட்டும் நாலு வீரபாண்டி இருக்காங்க. அவுகளும் ராஜா மகன்தானா?"

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முப்பது வருஷம் எஸ்டேட்டுல அப்பாவை நம்பரைச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க, தாயி? செத்த அன்னிக்கும் ரிஜிஸ்டர்ல நம்பரைத்தான் அடிச்சு விட்டாங்க. அவருக்கு மேல ஒரு ராஜா இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?"

நட்டம் யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் கணக்கு டீச்சரின் கணக்கெல்லாம் செல்லாமல் போயிற்று. எஞ்சிய பாட்டன்மாரையும் ஒவ்வொருவராக எழுதினாள். எழுத எழுத, தன் வாயைத் தானே தைத்துக்கொள்வது போலிருந்தது.

கடைசியில் மொக்கையன் பெயர் வந்தது. அதன் பக்கத்தில் அவள் பெயர்.

"உன் பேருக்கு அடுத்தாப்புல கொஞ்சம் இடம் விடு" என்றான் அவன், குரல் தேறி. "வெள்ளிக்கிழமை கம்பத்துலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. நம்ம வம்சத்தைக் கேள்விப்பட்டுத் தேடி வர்ற சம்பந்தம். அச்சுக்குப் போறதுக்குள்ள மாப்பிள்ளை பேரை எழுதிரலாம்."

பேனா மை தாளில் ஊறிப் பரவியது. அவளுக்குக் கண் கலங்கியது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். பேனாவை மூடிவைத்தாள்.

"அண்ணே, அந்த ராஜா இருந்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "என்னை நல்லமுத்துவுக்குக் கட்டிக் குடுங்க."