பின்சீட் பரீட்சை

…இல்லை, இன்னும் ஒன்றும் வரவில்லை, தலை கிறுகிறுக்கிறதா என்றால் இல்லை, தொண்டையில் புளிப்பு? அதுவும் இல்லை, அப்படியானால் இந்த வண்டி இதுவரை பாஸ், கையில் இருக்கும் விளம்பரப் புத்தகத்தில் பேட்டரி பற்றிய பக்கத்தை முடித்துவிட்டு டயர் பற்றிய பக்கத்துக்கு வந்துவிட்டேன், எல்லாம் பொடி எழுத்து, ஓடுகிற வண்டியில் இதை வாசித்தால் யாருக்கும் குடலைப் புரட்ட வேண்டும், புரட்டுகிறதா என்று பார்க்கத்தான் வாசிக்கிறேன்… முன்னால் என் மனைவி ஓட்டுகிறாள், அவள் பக்கத்தில் ஷோரூம் பெண், கழுத்தில் அடையாள அட்டை, உடம்பைப் பாதி திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு வருகிறாள், பாவம், கார் வாங்க வந்த ஆள் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால் அவளும்தான் என்ன நினைப்பாள். சார், நீங்க ஓட்டிப் பாக்கலையா என்று கேட்டாள். ஓட்டுறவனுக்கு எல்லா வண்டியும் சுகமாத்தாம்மா இருக்கும், பின்னாடி உக்கார்றவங்களத்தான் கேக்கணும் என்றேன். பெரிய தத்துவம் பேசிவிட்டதுபோல அவள் தலையாட்டினாள். என் மனைவி மட்டும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், துணியைத் தப்பாக வெட்டிவிட்டு நான் சமாளிக்கும்போது பார்க்கும் பார்வை.

இது மூன்றாவது வண்டி. கரும்பச்சை. முதலில் பார்த்தது சாம்பல் நிறம், கூரை முழுக்கக் கண்ணாடி, ஒரு சார்ஜில் மற்ற இரண்டையும்விட அதிக தூரம் போகுமாம், முன்விளக்குகள் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும், என் மனைவி அதற்கு அப்போதே மாமியார் என்று பெயர் வைத்துவிட்டாள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி தானே வேகம் குறையும், அப்படிக் குறையும்போது பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் சேருமாம், சேரட்டும், ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது, தலை போனால் வயிறும் போகும், மாமியார் ஃபெயில். இரண்டாவது நீலம், டிக்கி பெரியது, முன்பக்கம் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில்கூட ஒரு பெட்டி, சீக்கிரம் சார்ஜ் ஏறும், விலையும் கட்டுப்படி, ஆனால் பேட்டரியைத் தரைக்கு அடியில் வைத்ததில் பின்சீட்டுத் தரை உயர்ந்துபோய், உட்கார்ந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது, முப்பது வருஷமாக மனிதர்களின் தொடையையும் முழங்காலையும் இஞ்ச் டேப்பால் அளந்தவன் நான், எனக்கு அது உடனே கண்ணை உறுத்தியது, அப்படி உட்கார்ந்தால் வயிறு மடியும், மடிந்த வயிறு குலுங்கினால் கேட்கவே வேண்டாம். இந்தப் பச்சை வண்டியில் காலை எடுத்தால் இழுக்கிற அந்த இழுப்பைச் சுத்தமாக நிறுத்திவிடலாமாம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு, அதைத் தட்டினால் போதும், என் மனைவி தட்டினாள், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, நூல்கண்டுக்கு இதுதான் சரி.

நூல்கண்டு என் மகள். தவழ்கிற வயதில் கடையில் மெஷினுக்கு அடியில் உருண்டுபோய் எங்கேயாவது மாட்டிக்கொள்வாள், தரையில் விழுந்த நூல்கண்டைத் தேடுவதுபோல எல்லோரும் குனிந்து தேடுவோம், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, இப்போது எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தில் அவளுக்குக் கீழே எத்தனையோ பேர், அவர்களுக்கு இது தெரிந்தால் மானம் போய்விடும். வருவாள், ஒரு நாள் இருப்பாள், அரை நாள் தூங்குவாள், போய்விடுவாள், இந்த முறை நிறைய லீவு போட்டுக்கொண்டு வருகிறாள், போனில் அவளேதான் சொன்னாள், அப்பா, இந்தத் தடவை ஏரிக்குப் போலாம்ப்பா. அதைக் கேட்டதும், சரி சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏரி… மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரி, நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத ஏரி, எத்தனை முறை கிளம்பினோம், ஒவ்வொரு முறையும் அதே வளைவு, ஒரு பெரிய பாறை சாலைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வளைவு வரும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வரும்.

அப்பா. அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். நாளெல்லாம் ஆயிரம் அப்பா சொல்வாள், பொம்மைக்கு ஒரு அப்பா, கோபத்துக்கு ஒரு அப்பா, ஆனால் இந்த அப்பா தனி, மெதுவாக, அடியிலிருந்து, பாதியிலேயே ஈரமாகி வரும், கேட்ட நொடியில் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான், திட்டட்டும், கதவைத் திறந்து இறங்கி ஓடி அவள் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிக்கொள்வேன், என்ன ஜில்லிப்பு அந்த நெற்றி, இப்போது நினைத்தாலும் உள்ளங்கை நனைகிறது. பழைய வண்டி அது, வேறு யாரோ ஓட்டித் தேய்த்து எங்களிடம் வந்தது, ஜன்னலைச் சுற்றிச் சுற்றித்தான் இறக்க வேண்டும், சுற்றுகிற பிடி ஒன்றுதான் உருப்படி, அதையே கழற்றி இந்தக் கதவிலும் அந்தக் கதவிலும் மாட்டுவோம், ஆனால் அதில் இருந்த சிரிப்பு… கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கடையில் அவளை வெட்டுமேஜை மேல் உட்கார வைத்துத் துண்டுத்துணி மூட்டையை அவிழ்ப்பேன், மறுநாளைக்கான பையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே! ஊரில் மற்ற பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பை, தையல்காரன் மகளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த வாந்திப் பை, உள்ளே மழைக்கோட்டுத் துணியில் லைனிங், வாயில் சுருக்குக் கயிறு, வெளியே அவள் கேட்கிற துணி. ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்ணின் கவுனில் மிஞ்சிய வெள்ளைப் பட்டைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். வாந்தி எடுக்கப் பட்டா, இந்த அக்கிரமம் எங்கயாவது உண்டா என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தைத்துக்கொடுத்தேன். அந்த முறையும் பாறை வளைவோடு சரி, திரும்பி வந்துவிட்டோம், வரும் வழியெல்லாம் அவள் என் தோள்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் நின்றபடி, அடுத்த தடவை பாப்போம்ப்பா என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனை அடுத்த தடவை, எல்லாம் எங்கே போயின? பரீட்சை வந்தது, ஹாஸ்டல் வந்தது, வேலை வந்தது, வண்டியையும் விற்றுவிட்டோம்.

நேற்று அதேபோல ஒரு பை தைத்தேன். யாருக்கும் தெரியாமல். மருத்துவமனை ஆர்டருக்கு வந்த பச்சைத் துணியில் மிஞ்சியது, பெரிய பெண்ணாகிவிட்டாளே என்று பூப்போட்டது வேண்டாமென்று விட்டுவிட்டேன், இதோ சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன், எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன்? பின்சீட்டு முன்னால் இருக்கும் அந்த வலைப்பையில் இது அடங்குமா என்று பார்க்கத்தான், வேறு எதற்கு. அடங்குகிறது. வலை கொஞ்சம் இறுக்கம், பழகினால் தளர்ந்துவிடும்…

வண்டி ஒரு வளைவில் திரும்பியது, மெல்ல, மெல்ல என்றேன், இப்படி ஒடிச்சா அவளுக்கு ஆகாது. வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்தது, அப்புறம்தான் என் மனைவி பேசினாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், நூல் கோக்கும்போது பேசுகிற அந்தக் குரலில். என்னங்க, அவ பின்னாடி உக்காரவே மாட்டா. யார் என்றேன். உங்க பொண்ணுதான். அவ ஓட்டக் கத்துக்கிட்டு எவ்ளோ நாளாச்சு, எங்க போனாலும் அவதான் ஓட்டுறா, மலை, காடு, எல்லா இடத்துக்கும், ஓட்டுறப்ப வாந்தியே வரலம்மா, ஒரு தடவகூட வரலன்னு சொன்னா, ஏரிக்கும் அவளே ஓட்டிக்கிட்டுப் போறாளாம், அதுக்குத்தான் இவ்ளோ லீவு. எங்கிட்ட யாரும் சொல்லலையே என்றேன். நீங்க போன எடுத்தா சாப்பிட்டியா தூங்கினியாங்கறதத் தாண்டி எங்க போறீங்க? சரி, அப்ப நீயாவது சொல்லியிருக்கலாம்ல, மூணு வண்டியிலயும் ஏறி இறங்கிக்கிட்டிருக்கேன்! அவள் வேகத்தைக் குறைத்தாள். சொல்லத்தான் நெனச்சேன், முதல் வண்டிலேயே சொல்லியிருப்பேன், நீங்க புத்தகத்த விரிச்சுக்கிட்டு உக்காந்த அழகப் பாத்ததும் மனசு வரல. ஷோரூம் பெண் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், நல்ல பெண்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, பாறை வளைவு அவளை ஒன்றும் செய்யாது, ஏரியைப் பார்த்துவிடலாம், இத்தனை வருஷமாக நான் கேட்டது இதைத்தானே, பிறகு ஏன் ஏதோ கைதவறி விழுந்ததுபோல இருக்கிறது? அவளுக்கு வரக்கூடாது என்றுதான் மூன்று வண்டி பார்த்தேன், சத்தியமாக அதற்குத்தான், ஆனால் ஒரு ஓரத்தில், வந்தால் வரட்டும், நான் இருக்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டேனோ, அந்தக் குரல் இன்னும் ஒரே ஒருமுறை பின்னாலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேனோ? சீ, என்ன அப்பன் நான். எழுத்தெல்லாம் நெளிகிறது, டயர் பக்கத்தை மூன்றாம் தரம் படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை, காது அடைக்கிறது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று… இத்தனை நேரம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது, இது வண்டியாலா வேறு எதனாலா, இதை எந்தப் பரீட்சையில் சேர்ப்பது?

ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. நின்றதுகூடத் தெரியவில்லை, சத்தம் இருந்தால்தானே சத்தம் நிற்க. இறங்கிக் காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். இதையே எடுத்துக்கலாம் என்றாள் என் மனைவி, நானும் தலையாட்டினேன். ஷோரூம் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது, டிரைவர் சீட் பக்கக் கதவில் மூன்று பொத்தான்களைக் காட்டினாள், ஒவ்வொருத்தர் உட்கார்ற அளவையும் இது ஞாபகம் வச்சுக்கும் சார், பொத்தான அமுக்கினா சீட்டு, கண்ணாடி எல்லாம் அவங்களுக்கு ஏத்த மாதிரி தானா நகரும், ஒண்ணு மேடத்துக்கு, ரெண்டு உங்களுக்கு, மூணாவது யாருக்கு? என் பொண்ணுக்கு என்றேன், சட்டென்று வந்துவிட்டது, நானே வச்சுடறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். எனக்கென்ன கஷ்டம்? அவள் தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எதிரே வந்து நின்றால் டேப்பே வேண்டாம். சீட்டை முன்னால் தள்ளினேன், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால்… நிற்கிற அளவு ஒன்று, உட்கார்கிற அளவு ஒன்று, இதைக் கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன், பேண்ட் தைப்பதென்றால் ஆளை உட்காரவைத்துப் பார் என்பேன், இவள் ஸ்டியரிங் முன்னால் எப்படி உட்காருவாள்? ஒட்டி உட்காருவாளா, சாய்ந்துகொள்வாளா, ஒரு கையால் ஓட்டுவாளா, திட்டுவாளா, பாடுவாளா? எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்குள் தெரிந்த ஒரு சின்ன முகம், வேர்த்த நெற்றி. விடுங்க, அவ வந்து வச்சுக்குவா என்றாள் என் மனைவி. பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

இறங்கி, என்ன தோன்றியதோ, மறுபடியும் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மனைவி முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வாள், அம்மாவும் மகளும் ஊர்க்கதை பேசிக்கொண்டு போவார்கள், என் இடம் இதுதான். முழங்காலுக்கு இடம் இருக்கிறது, தொடை சீட்டில் நன்றாகப் படிகிறது, நல்லவேளை அளந்து பார்த்து எடுத்தோம். வலைப்பையில் பச்சைத் துணி எட்டிப் பார்த்தது, எடுக்கப் போனவன் எடுக்காமல் விட்டேன், பாறை வளைவு வரும், அவள் ஒடித்துத் திருப்புவாள், சின்னப் பெண், வேகமாகத்தான் போவாள், நான் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேனே, அதுபோல அவள் என் முகத்தைப் பார்ப்பாளா, பார்க்காவிட்டால் நான்தான் கூப்பிட வேண்டும், நூல்கண்டு என்று, அந்தக் குரலில், அது எப்படி வரும்… உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், என்ன சார் என்று ஷோரூம் பெண் திரும்பினாள், ஒண்ணுமில்லம்மா என்றேன்.