ஆயிரத்து அறுநூறு எச்சரிக்கைகள்

நோயாளியின் உடம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. இருபது வருடமாகப் பலர் எழுதிக் குவித்த நிரலை, அதைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் ஓட்டினால் ஆயிரத்து அறுநூறு எச்சரிக்கைகள் வந்தன. எல்லாம் ஒரே புகார்: எண்ணை வைத்துக்கொள்ளும் இந்த மாறிக்கு முதலில் ஒரு மதிப்பு கொடுக்காமலே பயன்படுத்துகிறீர்கள்.

அவள் அங்கே நிரல் எழுதுபவள். அதைத் தீர்க்கும் வேலையை அவள் தலையில் கட்டி, 'வார்னிங் அக்கா' என்று பட்டமும் வைத்தார்கள்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். சில மாறிகளுக்குப் பூஜ்யம் போட்டால் போதும். சிலவற்றுக்கு ஆகாது. மருந்தின் உச்ச வரம்பு பூஜ்யமாக இருந்தால், வரம்பே இல்லை என்று பம்ப் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் எழுநூறுதான் குறைந்தது.

"என்னம்மா, அரிசியில கல்லு பொறுக்குறியா? எல்லாத்துக்கும் பூஜ்யத்தைப் போட்டுத் தள்ளு," என்றார் குழுத் தலைவர்.

"எச்சரிக்கைதான் சார் போகும். தப்பு போகாது."

அறையே சிரித்தது.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது தலைவர் ஃபோனில் அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டார். "ஒரு ஃபைலைப் பாக்கணும், அவ்வளவுதான்." அவளும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பூஜ்யம், மாற்றியவர் என்று எல்லாவற்றிலும் அவள் பெயர். அந்த நிரலோடு பம்புகள் மருத்துவமனைகளுக்குப் போயிருந்தன. அவள் தலைவரிடம் ஓடினாள்.

"அடுத்த வெளியீட்டுல பாத்துக்கலாம். வயித்தெரிச்சல் படாதே."

மேலிடத்தில் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். வேலை போய்விடுமோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டாள்.

அடுத்த மாதம், உச்ச வரம்பு பூஜ்யமாகிவிட்ட ஒரு பம்ப் வலி மருந்து முழுவதையும் ஒரு பெண்ணுக்குள் இறக்கியது. அந்தப் பெண் பேருந்து ஓட்டுநர். முப்பத்து நான்கு வயது. பிழைக்கவில்லை.

விசாரணையில், "அன்னிக்கு நான் லீவு. பாஸ்வேர்டை சார்தான் கேட்டு வாங்கினார்," என்றாள். தலைவர் மறுத்தார். அவர் ஃபோன் செய்தபோது அலுவலகத்தில் அவர் பக்கத்திலேயே இருந்த அவளுடைய தோழியைக் கேட்டார்கள்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்."

பிறகு நடையில் தோழி அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க, அக்கா. கோவிச்சுக்காதீங்க."

அவளுக்கு வேலை போனது. பெட்டியோடு வெளியே வந்தவளை, வாசலில் காத்து நின்ற ஒருவனுக்குக் காவலாளி கைகாட்டினான்: "அந்தம்மாதான்." இறந்தவளின் கணவன்.

அவன் திட்டவில்லை. "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாளா?" என்று மட்டும் கேட்டான்.

பம்பின் பதிவையும் மருத்துவமனைக் குறிப்பையும் அவள் படித்திருந்தாள். பத்தொன்பது நிமிடம் துடித்திருந்தாள் அந்தப் பெண்.

"இல்லைங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவன் கைகூப்பி, "நன்றிங்க," என்றான்.