பட்டாளத்தான்

“பலகையை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கை தள்ளுங்கோடா” என்று கொட்டிலடியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்த எமில்ராஜ் சத்தம் போட்டது, உள்ளே கட்டிலோரம் இருந்த தயாளினிக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் ஈரப் பஞ்சால் கணவன் ஏரம்பமூர்த்தியின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காது வெளியில் எஞ்சினோடு, மற்றக் காது அவருடைய மூச்சோடு. இரண்டுமே இழுபட்டுக்கொண்டுதான் போயின.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் தன்மையாகத்தான் சொல்லி அனுப்பினார். அதன் அர்த்தம் விளங்காத வயது தயாளினிக்கு இல்லை. அவளுடைய பயமெல்லாம் இன்றைய பின்னேரத்தைப் பற்றியது. ஊர் இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய பிறகு புளியடிப் பிள்ளையாருக்கு இதுதான் முதல் திருவிழா. இன்று பொழுதுபட, ஏரம்பமூர்த்தி பாடுபட்டுத் திருத்திய எஞ்சின் கோயில் வெளிவீதிக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். அது வாசல் படலையைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஏதும் நடந்துவிட்டால் இது சாவுத் தீட்டுப்பட்ட துடக்கு வீடு. துடக்கு வீட்டிலிருந்து ஒரு தேங்காய்கூடக் கோயிலுக்குப் போகாது. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து துடக்குக் கழிகிறபோது திருவிழா முடிந்து கொடியும் இறங்கியிருக்கும். குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த மச்சாள் குணலட்சுமி, அவருடைய தமக்கை, இதைக் காலையிலேயே இரண்டு தரம் நினைவுபடுத்திவிட்டாள். ஆசாரத்தில் மச்சாள் ஐயரையே திருத்துகிறவள்.

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரியால் வந்த அன்று, பேச்சு இன்னும் இருந்தபோது, அவளுடைய கையைப் பிடித்தார்.

“நான் போறதுக்கு முந்தி அதை அனுப்பிப்போடும். எனக்காண்டி அது நிக்கக் கூடாது.”

வேறு ஆண்கள் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பார்கள், காணியைப் பார்த்துக்கொள் என்பார்கள். இவர் எஞ்சினைச் சொன்னார். அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டாள்.

ஆமியிடமிருந்து காணி திரும்பக் கிடைத்தபோது இருவரும் அச்சுவேலி வாடகை வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். வீடு இருந்த இடத்தில் சில சுவர்கள் நின்றன. கூரை, கதவு, நிலை ஒன்றும் இல்லை. சாமியறை மூலையில், சீமெந்துத் தரையோடு சேர்த்து நட்டுப் பூட்டி, ஒரு பழைய டீசல் எஞ்சினும் அதோடு பிடித்த டைனமோவும் நின்றன. பச்சைப் பெயின்றுக்கு மேல் பச்சைப் பெயின்ற். ஆமி விட்டுப்போன சாமான் என்று ஏரம்பமூர்த்தி அதைத் தொடவே பயந்தார். காலம் முழுக்கக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கணக்கில் இல்லாத ஒரு சீனி மூட்டை கடைக்குள் நின்றாலே நித்திரை கொள்ளமாட்டார். நேரே முகாமுக்குப் போய், உங்கள் சாமான் ஒன்று எங்கள் காணியில் நிற்கிறது, வந்து எடுத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இவ்வளவு காலமும் காணியையே வைத்திருந்தவர்களிடம் போய், எஞ்சினை மறந்துவிட்டீர்கள் என்று சொன்ன ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஊர் சிரித்தது. வந்து பார்த்த அதிகாரியும் சிரித்துவிட்டு, இப்படியொன்று தங்கள் கணக்கில் இல்லை என்றார்.

அப்படியென்றால் இது யாருடையது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. மழுங்கல் கத்தியோடு நாளாந்தம் போய்ச் சுரண்டத் தொடங்கினார். பச்சை, அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே சாம்பல் நிறம். ஒரு மத்தியானம் தயாளினி சாப்பாட்டோடு போனபோது அவர் எஞ்சினுக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். தண்ணீர்த் தாங்கியின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. திருநீற்றுக் குறி. பூசுகிற திருநீறு காற்றோடு போகிறதென்று யாரோ எனாமல் பெயின்றாலேயே இழுத்துவிட்ட குறி.

“தயா, உவன் எங்கடை பட்டாளத்தான்” என்றார். “கோயிலிலை நிண்டவனைக் கொண்டந்து இஞ்சை பூட்டியிருக்கிறாங்கள்.”

அந்தக் காலத்தில் பட்டாளத்தானைத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் தேவையில்லையென்று கழித்துவிட்ட சாமான்களோடு விலைப்பட்டபோது ஊரார் சேர்ந்து கோயிலுக்கு வாங்கிய எஞ்சின். கொடியேற்றத்தன்று அதற்கும் மாலை போட்டுச் சந்தனம் பூசுவார்கள். இரவுத் திருவிழாவில் சாமிக்குப் பின்னால் மாட்டு வண்டிலில் இருந்து முழங்கிக்கொண்டு வரும். நடுவீதியில் திடீரென்று நின்றும் விடும். ஒரே இருட்டு. பெட்டைகள் கீச்சிட, பெடியன்கள் கூவ, எஞ்சின்காரர் கைபிடியைப் போட்டு மூச்சு வாங்கச் சுழற்றுவார். அப்படியொரு இருட்டில்தான் தயாளினியின் கையில் யாரோ கடதாசியில் சுற்றிய ஒரு கச்சான்கடலைச் சரையை வைத்துவிட்டுப் போனார்கள். வெளிச்சம் வந்தபோது, கொஞ்சம் தள்ளி ஏரம்பமூர்த்தி மிகுந்த பக்தியோடு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்தக் கச்சானை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

சுவர்களுக்குக் கூரை போட்டு இருவரும் குடிவந்தார்கள், எஞ்சின் கொட்டிலுக்கு மாறியது. அதைத் திருத்துகிற வேலை லேசில் முடியவில்லை. பிஸ்ரன் இறுகிப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தார். டைனமோவின் செப்புக் கம்பியை யாரோ முழுதாக உருவியிருந்தார்கள். அச்சுவேலியில் மோட்டார் திருத்தும் எமில்ராஜ்தான் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்தான். மனேச்சர் ஸ்பனர் பிடிக்கிற வடிவைப் பார்த்து முதல் நாள் வாய்க்குள் சிரித்தவன், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிய நேரே இங்கேதான் வருவான். கடைசியில் ஒருநாள் எஞ்சின் உயிர் பிடித்தது. சந்தோசத்தில் அன்றைக்கு ஏரம்பமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. அது சந்தோசத்தால் அல்ல என்று விளங்க அவர்களுக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

கோயிலில் இப்போது கரண்ட் இருக்கிறது. பட்டாளத்தான் இல்லாவிட்டாலும் திருவிழா நடக்கும். வெளிவீதி லைற்றை மட்டும் எஞ்சினுக்கு விடுங்கள் என்று அவர் கேட்டதும், நோயாளி மனிதர் ஆசைப்படுகிறார் என்றுதான் கோயில் சபை சம்மதித்தது. அந்த இரக்கம் அவருக்குத் தெரியாமல் தயாளினி பார்த்துக்கொண்டாள்.

வெளியே பலகை முறிகிற சத்தம். பிடி, பிடி என்று பலர் கத்தினார்கள். அவள் எழும்பி ஜன்னலுக்கு ஓடினாள். உழவு மிசின் இழுவைப் பெட்டியின் விளிம்பில் எஞ்சின் பாதி ஏறியும் ஏறாமலும் சாய்ந்து நின்றது. எமில்ராஜ் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஒரு பனங்குற்றியை உருட்டி வந்து முண்டு கொடுத்தார்கள். எஞ்சின் மெல்ல நிமிர்ந்தது. அப்பாடா என்று அவள் திரும்பினாள்.

அறை அமைதியாக இருந்தது. இத்தனை நாளும் இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இல்லை.

கிட்டப் போய்க் கன்னத்தை அவருடைய மூக்கடியில் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பி வந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் வெளியே போனால் போதும், மச்சாள் ஓடிவருவாள், எஞ்சின் இறக்கப்படும். அது இன்னும் படலைக்கு உள்ளேதான் நிற்கிறது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் அவரை ஏசினாள். ஏச ஏசக் கண்ணீர் முட்டியது. அதையும் துடைத்துக்கொண்டு பழையபடி கட்டிலோரம் இருந்தாள்.

குணலட்சுமி கஞ்சிக் கோப்பையோடு வந்தாள்.

“தம்பி முழிச்சிட்டானோ?”

“இல்லை மச்சாள். இப்பதான் அயர்ந்தவர். எழுப்பாதையுங்கோ.”

தயாளினி அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கை இன்னும் சூடாகவே இருந்தது. குணலட்சுமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இண்டைக்குத்தான் முகத்திலை ஒரு தெளிவு, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

மச்சாளை ஏய்க்கலாம், பிள்ளையாரை ஏய்க்க முடியாது. அது தயாளினிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளையாரும் முப்பது வருடம் விளக்கில்லாமல், பூசையில்லாமல், வௌவால் எச்சத்துக்குள் கிடந்தவர்தானே. எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று அவருக்கு மச்சாளைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எமில்ராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தான். ஏற்றியாயிற்று, அண்ணையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். சொல்லிக்கொண்டே கட்டிலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிலுவை போடுவதற்காக அவனுடைய கை நெற்றிவரை போனது. குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கை அப்படியே இறங்கியது.

“அண்ணை நித்திரை” என்றாள் தயாளினி.

“ஓம் அக்கா. நித்திரை.” கையிலிருந்த துணியை இடுப்பில் செருகினான். “நான் போன உடனை ஸ்ராட் பண்ணுறன். காத்து இஞ்சாலைதான் அடிக்குது. கேக்கும்.”

உழவு மிசின் உறுமிக்கொண்டு நகர்ந்தது. மணலில் ஒரு தரம் சில்லுப் புதைந்து, பிறகு எழும்பியது. படலை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒழுங்கையில் அது தூரப் போய் அடங்குமட்டும் தயாளினி அசையவில்லை.

இனி அழலாம். ஆனால் அழுகைச் சத்தம் ஒழுங்கையால் பின்னால் ஓடிப்போய் எஞ்சினைப் பிடித்துவிடும் என்று பயமாக இருந்தது. வாசலில் மைம்மல் இருட்டு இறங்கியது. அவருடைய விரல்கள் குளிரத் தொடங்கின. அவள் தன் இரண்டு கைக்குள்ளும் அவற்றைப் பொத்தி வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் இப்படித் தனியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

தோட்டங்களுக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது. நின்றுவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் ஒரு இருமல், பிறகு இன்னொன்று, பிறகு விடாமல், இடைவெளி இல்லாமல் எஞ்சின் முழங்கத் தொடங்கியது. அதோடு கோயில் மணியும் அடித்தது.

“தயா, கேக்குதே?” என்றாள் குணலட்சுமி குசினிக்குள் இருந்து. “தம்பியை எழுப்பிச் சொல்லு.”

தயாளினி கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.